டெல்லியிலிருந்து என்ன கொண்டுவந்தார்?

டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தும் திண்டுக்கல்லுக்கு ஒரு செங்கல்லைக்கூடக் கொண்டுவரவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார் கட்டுரையாளர். தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத வந்தவர், போகிற போக்கில் அந்த அம்மையாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். அவருடைய வாதத்தைப் பிழிந்தால் நாலு வரி தேறும். பணக்கார வீட்டுப் பெண். காங்கிரஸ் கொடுத்த அலங்காரப் பதவியில் உட்கார்ந்தார். அந்தப் பதவியை வைத்துத் தான் தொடங்கிய காந்திகிராமத்துக்கு டெல்லிப் பணத்தைத் திருப்பிவிட்டார். ஊருக்கு ஒன்றும் செய்யாததால் 1967இல் மக்கள் விரட்டிவிட்டார்கள். கட்டுரையாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்த வாதம் அவர் ஒருவருக்கே பாத்தியப்பட்டதில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டீ குடிக்க நிற்கிறவர்கள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அதற்குக் கட்டுரை என்று பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சிறு கணக்கைத் தீர்த்துவிடுவோம். பதவி அலங்காரம் என்றால் அதில் அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவர் எதையும் கொண்டுவரவில்லை என்று கோபித்துக்கொள்ள முடியாது. அதே அதிகாரமில்லாதவர் டெல்லிப் பணத்தைத் தன் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. மூன்றையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுத ஒரு தனித் தைரியம் வேண்டும். கட்டுரையாளரிடம் அது தாராளமாக இருக்கிறது.

இனி பதவிக்கு வருவோம். 1962 தேர்தலில் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் வென்ற சௌந்தரம், கல்வி அமைச்சகத்தில் துணை அமைச்சர் ஆனார். அப்போது அமைச்சர் கே.எல். ஸ்ரீமாலி. அடுத்த ஆண்டே காமராஜ் திட்டம் வந்தது; அதில் பதவி விலகிய ஆறு மத்திய அமைச்சர்களில் ஸ்ரீமாலியும் ஒருவர். பிறகு சில மாதங்கள் ஹுமாயூன் கபீர், அப்புறம் எம்.சி. சாக்ளா, கடைசியாக ஃபக்ருதீன் அலி அகமது. மேல் நாற்காலிக்கு நாலு பேர் வந்து போனார்கள். துணை அமைச்சர் கேபினட் கூட்டத்தில் உட்காருவதில்லை. தனிப் பொறுப்பு கிடையாது. கோப்பில் கடைசிக் கையெழுத்து அவருடையது இல்லை. இதெல்லாம் ரகசியம் ஒன்றுமில்லை, ஆட்சி இயங்கும் விதம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பதவியில் அவர் கண்ணுக்குத் தெரிந்த இடம் மக்களவையின் கேள்வி நேரம். எந்த மாநிலத்துக்கு எத்தனை உதவித்தொகை, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு மானியம், பெண் ஆசிரியைகள் ஏன் கிராமத்துக்குப் போக மறுக்கிறார்கள் என்கிற ரகத்தில் கேள்வி வரும். துணை அமைச்சர் எழுந்து, அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த தாளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பட்டியல் நீளமானால் அறிக்கை அவையின் மேசைமீது வைக்கப்படுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். ஆனால் துணைக் கேள்வி வரும்போது தாள் காப்பாற்றாது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. மூன்றாவது மக்களவையின் எதிர்வரிசையில் ஹிரேன் முகர்ஜி இருந்தார். 1963 இடைத்தேர்தல்களுக்குப் பிறகு ராம் மனோகர் லோகியாவும் வந்து சேர்ந்தார். அந்த அவையில் எழுந்து நின்று ஒரு துறைக்குப் பதில் சொல்வதை அலங்காரம் என்கிறார் கட்டுரையாளர். அவருக்கு அலங்காரம் என்றால் என்னவென்று ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

பள்ளிக்கூடம் கொண்டுவந்தாரா என்று கேட்கிறார். கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது அரசமைப்புத் திருத்தம்தான் அதைப் பொதுப் பட்டியலுக்கு இழுத்துக்கொண்டது. 1962இல் திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டுமென்றால் மனுவை எடுத்துக்கொண்டு சென்னைக் கோட்டைக்குப் போக வேண்டும். டெல்லியின் கையில் இருந்தவை மத்தியப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்வி, உதவித்தொகைகள், ஆய்வு நிறுவனங்கள். இன்னொன்றும் இருந்தது, இந்தி வளர்ச்சி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொகுதிக்கு எம்.பி. என்ன கட்டிக்கொடுத்தார் என்ற கேள்வியே நம் காலத்துக் கேள்வி. தொகுதி மேம்பாட்டு நிதி தொடங்கியது 1993 டிசம்பரில், நரசிம்ம ராவ் ஆட்சியில். அதற்குப் பிறகுதான் நிழற்குடை, சமுதாயக்கூடம், ஆழ்துளைக் கிணறு எல்லாவற்றிலும் எம்.பி.யின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்க்கிற பழக்கம் வந்தது. இப்போது நாம் மக்கள் பிரதிநிதியை அளப்பது அந்தப் பெயர்ப் பலகையை வைத்துத்தான். அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு முப்பது வருடம் பின்னால் நடந்துபோய், அங்கே பெயர்ப் பலகை இல்லை என்று திரும்பி வந்து புகார் சொல்கிறார் கட்டுரையாளர்.

எதிர்த்தரப்பைச் சொல்கிற வாயால் நம் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவுக்கே கட்டாய இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தவர் சௌந்தரம்தான் என்று பாராட்டுக் குறிப்புகளில் அச்சிடுகிறார்கள். அவரைப் பிடிக்கும் என்பதற்காக இதை நான் விழுங்க முடியாது. 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி தர முயல வேண்டும், அதைப் பத்தாண்டுக்குள் செய்ய வேண்டும் என்பது அரசமைப்பின் 45ஆவது பிரிவு. அந்தப் பத்தாண்டு 1960இலேயே முடிந்துவிட்டது, அவர் பதவிக்கு வரும் முன்பே. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் பெருகியதும் மதிய உணவு வந்ததும் காமராஜர் ஆட்சியில். நாடு முழுவதற்குமான கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் நிறைவேறியது, சௌந்தரம் இறந்து 25 ஆண்டுகள் கழித்து. செய்யாததை எல்லாம் செய்ததாக எழுதிவைத்தால், செய்ததையும் செய்யவில்லை என்று சொல்லப் பின்னால் ஒருவர் வரத்தான் செய்வார். வந்துவிட்டார்.

அலங்காரப் பதவி என்பதைக் கட்டுரையாளர் சௌந்தரத்தின்மீது வசையாக எறிகிறார். கொஞ்சம் நிதானித்திருந்தால் அதே கல்லை வேறு பக்கம் எறிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் டெல்லியில் பதவி கிடைத்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறேன். வயலட் ஆல்வா, உள்துறைத் துணை அமைச்சர். தாரகேஸ்வரி சின்ஹா, நிதித் துணை அமைச்சர். லட்சுமி மேனன், ஐந்தாண்டு வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்தபிறகே ஒரு படி ஏறினார். நம் மரகதம் சந்திரசேகர், சுகாதாரம், உள்துறை, சமூக நலம் என்று துறைகள் மாறினாலும் துணை அமைச்சர். சௌந்தரம், கல்வித் துணை அமைச்சர். 1957இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் வெளியேறியபின் நேரு இருந்தவரை அவருடைய கேபினட்டில் ஒரு பெண் அமைச்சரும் உட்காரவில்லை. புதிதாக விடுதலை அடைந்த நாடு, பெண்ணுக்கு முதல் தேர்தலிலேயே வாக்குரிமை தந்த நாடு, ஆட்சியில் அவளுக்கு ஒதுக்கியது துணைப் படிக்கட்டு. மகப்பேறு பார்த்துப் பழகிய டாக்டரைக் கல்வித் துறைக்கு அனுப்பியது ஏன் என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடம் சௌந்தரம் இல்லை, பதவியைப் பங்கிட்டவர்கள். ஆனால் கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கிக்கொண்டவளைப் பார்த்து இவ்வளவுதானா என்று சிரிப்பது சுலபம். நம்மூரில் இது பழைய சுகம்.

பணக்கார வீட்டுப் பெண் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். டி.வி.எஸ். பஸ் ஓடாத சாலை ஒரு காலத்தில் மதுரைப் பக்கம் குறைவு. அந்த வீட்டில் 1904இல் பிறந்தவருக்குச் செல்வம் என்ன செய்தது என்று பார்ப்போம். 14 வயதில் கல்யாணம் செய்துவைத்தது. டாக்டருக்குப் படித்த அந்தக் கணவர் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துபோனார். இருபதைத் தாண்டியதும் கைம்பெண். 1920களில் ஒரு ஐயங்கார் வீட்டில் அந்த நிலை என்னவென்று கட்டுரையாளருக்கு நான் விளக்கத் தேவையில்லை, அவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே போதும். அவருடைய தகப்பனார் படிக்க அனுப்பினார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல், முப்பது வயதைக் கடந்து, டாக்டராக வெளியே வந்தார். அங்கேதான் சுசீலா நய்யார் தோழியானார், அவர் வழியாகக் காந்தி அறிமுகமானார்.

பிறகு ஜி. ராமச்சந்திரன். நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் ஆள். மொழி வேறு, சாதி வேறு. கைம்பெண்ணுக்கு மறுமணம் என்பதே போதுமான புயல், அதோடு இதுவும் சேர்ந்தது. வீடு ஒப்பவில்லை. ஓராண்டு இருவரும் சந்திக்காமல், கடிதம்கூட எழுதாமல் பிரிந்திருங்கள், அப்புறமும் இதே மனது இருந்தால் பார்ப்போம் என்று காந்தி சொன்னார். இருந்தார்கள். மனம் மாறவில்லை. 1940இல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது. பணக்காரத் தகப்பன் மகளுக்கு வழி திறந்துவிட்டார் என்று எழுதுகிறவர், அந்த வழியின் நடுவில் அதே தகப்பன் மறுத்து நின்ற இடத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டார். மதுரையில் ஒரு நர்சிங் ஹோம் போட்டு உட்கார்ந்திருந்தால் டாக்டரம்மாவுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. சின்னாளபட்டியில் இரண்டு கட்டில் போட்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

இந்த இரண்டு கட்டிலில்தான் கட்டுரையாளரின் மூன்றாவது குற்றச்சாட்டு தடுக்கி விழுகிறது. பதவியை வைத்துக் காந்திகிராமத்தை வளர்த்தார் என்கிறார். தேதிகளைப் பார்ப்போம், தேதிகளுக்குக் கட்சி கிடையாது. கஸ்தூர்பா 1944இல் இறந்தபின் அவர் பெயரில் அறக்கட்டளை உருவானது, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்ய. அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பைக் காந்தி சௌந்தரத்திடம் ஒப்படைத்தார். 1947 அக்டோபரில் காந்திகிராமம் தொடங்கியது. நாடு விடுதலை அடைந்து இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. 1948-49இல் ராதாகிருஷ்ணன் குழு கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. அதை எப்படிச் செய்வது என்று பார்க்க அமைத்த குழுவுக்குத் தலைவர் ஸ்ரீமாலி, பின்னாளில் சௌந்தரம் யாருக்குத் துணை அமைச்சராகப் போனாரோ அதே ஸ்ரீமாலி. அதன் பேரில் 1956இல் நாட்டின் பல பகுதிகளில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் வந்தன. தமிழ்நாட்டில் ஒன்று பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில், இன்னொன்று காந்திகிராமத்தில். சௌந்தரம் துணை அமைச்சரானது 1962இல். ஆறு வருடம் கழித்துக் கிடைக்கப்போகிற பதவியைக் காட்டி 1956இல் மானியம் வாங்கியவர் என்றால், அது ஊழல் கணக்கில் வராது, சித்து வேலையில் வரும்.

சந்தேகப்பட ஆசைப்பட்டிருந்தால் இடம் இருந்தது. காந்திகிராமத்தின் கிராம சுகாதார, குடும்பநல நிலையம் 1964இல் வந்தது, அவர் அமைச்சராக இருந்தபோது. அப்போது சுகாதாரத் துறை யாரிடம்? கல்லூரித் தோழி சுசீலா நய்யாரிடம். அதே ஆண்டு கணவர் ராமச்சந்திரன் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார். ஒரு சுமாரான புலனாய்வுக்காரருக்கே இது போதும். நம்மவர் கண்ணில் இது படவே இல்லை. பட்டிருந்தால் அடுத்த கேள்வியையும் அவரே கேட்க வேண்டியிருக்கும்: அந்த நிலையம் எதிலிருந்து முளைத்தது? 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்திலிருந்து. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் அதற்கு இருந்தது. வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கண்டு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கவனித்து, குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொன்ன வேலை அது. 1959இல் ஆயிரம் பேருக்கு 43ஆக இருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 அளவுக்கு இறங்கியது. மக்கள்தொகை ஆய்வு படிக்கிறவர்களுக்கு வெளிநாட்டிலும் ஆத்தூர் என்ற பெயர் தெரியும், அதனால்தான். ஏழைப் பெண்ணின் உடம்பின் மேலேயே எல்லாக் குடும்பக் கட்டுப்பாட்டையும் இறக்கிவைத்த இந்தியக் கொள்கைமீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு, அது தனி விவாதம். அந்த விவாதத்துக்கு வரவும் ஆத்தூரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு செங்கல் இல்லை என்றாரே. திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் சின்னாளபட்டிப் பிரிவு எவ்வளவு தூரம்? அரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் கஸ்தூர்பா மருத்துவமனை வாசலில் நின்று பார்க்கட்டும். டவுன் பஸ்ஸிலிருந்து நிறைமாதப் பெண் மெதுவாக இறங்குவாள். பின்னால் அவள் அம்மா, ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பழைய சேலைகள் மடித்துவைத்த மஞ்சப்பை. சீட்டு எழுதும் இடத்தில் ஊர் கேட்பார்கள். நிலக்கோட்டைப் பக்கம் என்பாள் ஒருத்தி, வேடசந்தூர்ப் பக்கம் என்பாள் இன்னொருத்தி. குழந்தை இல்லாமல் வருகிறவர்களும், பெற்றவர்கள் கைவிட்ட குழந்தையைத் தத்தெடுக்க வருகிறவர்களும் அதே வளாகத்துக்குத்தான் வருகிறார்கள். இதை எழுப்பியவர் பெயரை அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொகுதி வரலாறு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அமைச்சர் பதவியின் ஐந்தாண்டுக்குள் மட்டும் தேடியதால், அதற்கு முன்னால் 15 ஆண்டாக எழும்பிக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை. தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் சாவியைத் தேடுகிறவனுக்கு நேர்கிற கதிதான். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரருக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது.

இனி 1967. மக்கள் விரட்டினார்கள், ஆகவே ஒன்றும் செய்யவில்லை என்பது அவருடைய முடிவு. மக்கள் தீர்ப்பை நானும் மதிக்கிறேன், அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அதனால் எல்லாத் தீர்ப்பையும் எண்ணுகிறேன். 1952இல் ஆத்தூர் சட்டமன்றத் தொகுதி, வெற்றி. 1957இல் வேடசந்தூர், வெற்றி. 1962இல் திண்டுக்கல் மக்களவை, வெற்றி. 1967இல் அதே திண்டுக்கல், தி.மு.க.வின் என். அன்புச்செழியனிடம் தோல்வி. நாலு தேர்தலில் மூன்று முறை மக்கள் புத்தியில்லாமல் வாக்களித்தார்கள், நாலாவது முறைதான் விழித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒழிய இந்த வாதம் நிற்காது. (போகிற போக்கில் ஒரு விஷயம்: 1952இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனவரும் ஒரு பெண்தான், அரசமைப்பு அவையில் இருந்த அம்மு சுவாமிநாதன், கேப்டன் லட்சுமியின் தாயார். தொகுதி வரலாற்றில் அவருக்கு ஒரு வரி. பாலக்காட்டுக்காரர் என்பதைத் தவிர அந்த வரியில் வேறு சேதி இல்லை.)

அந்த 1967இல் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதியில் காங்கிரஸுக்குக் கிடைத்தது மூன்று. தி.மு.க.வுக்கு 25. சி. சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார், பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்ட கையோடு. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். மேலூரில் கக்கன் தோற்றார். விருதுநகரில் காமராஜர், ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். கட்டுரையாளரின் தர்க்கத்தை விருதுநகருக்கு எடுத்துக்கொண்டு போவோமா? காமராஜர் ஊருக்கு ஒன்றும் செய்யாததால் மக்கள் விரட்டினார்கள் என்று அவர் எழுதுவாரா? எழுதமாட்டார். அங்கே அரிசித் தட்டுப்பாடு என்பார், விலைவாசி என்பார், ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி என்பார், மொழிப்போர் என்பார், குண்டடி பட்டுக் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆரின் சுவரொட்டி என்பார். எல்லாம் சரி. விருதுநகரில் வீசிய அந்தக் காற்று திருமங்கலம் தாண்டித் திண்டுக்கல்லுக்கு வரும்போது மட்டும் ஓர் அம்மாளின் திறமைக் குறைவாக எப்படி மாறியது?

மொழிப்போர் என்றேன். கட்டுரையாளர் உண்மையிலேயே சௌந்தரத்தின் அமைச்சர் வாழ்வை விசாரிக்க வந்திருந்தால் கைவைத்திருக்க வேண்டிய இடம் இதுதான். நாலு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வாக்கியமும் இல்லை. 1965 ஜனவரியில் மதுரையில் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தில் கைகலப்பு நடந்து தீ பற்றிக்கொண்டது. திண்டுக்கல் அன்று அதே மதுரை மாவட்டம். தனி மாவட்டமானது 1985இல். துப்பாக்கிச் சூடுகள், தீக்குளிப்புகள். பிப்ரவரி 11ஆம் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த இரண்டு மத்திய அமைச்சர்கள், சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும், பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதியைக் காப்பேன் என்றார். பிறகு கடிதங்கள் திரும்பிவந்தன, அது வேறு கதை. கடிதம் கொடுத்த இருவரில் சௌந்தரம் இல்லை.

அவர் எந்த அமைச்சகத்தில் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். மத்திய இந்தி இயக்ககம் 1960இல் தொடங்கப்பட்டது கல்வி அமைச்சகத்தின் கீழ். உணவு அமைச்சர் சுப்பிரமணியத்துக்கு இந்தியோடு துறை வழியில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சௌந்தரத்துக்கு இருந்தது. அவருடைய தொகுதிப் பிள்ளைகள் தெருவில் நின்றபோது, எந்த மொழிக்காக நின்றார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் இருந்த அமைச்சகத்தின் துணை நாற்காலியில் அவர் தொடர்ந்தார். இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அவர் காந்தியின் வார்ப்பு, தெற்கே இந்தி பரப்ப 1918இலேயே சபை வைத்தவர் காந்தி, அந்தப் பள்ளியில் வளர்ந்தவருக்கு மொழிப் பிரச்சினை வேறு மாதிரித் தெரிந்திருக்கும் என்று விளங்கிக்கொள்கிறேன். விளங்கிக்கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. திண்டுக்கல் வாக்காளர் 1967இல் ஒப்புக்கொள்ளவில்லை. அரிசிக்கு அடுத்து அவர்கள் கேட்ட கணக்கு அதுவாக இருந்திருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவர்களுடைய கோபத்துக்கு ஒரு அரசியல் இருந்தது. அதைச் செங்கல் கிடைக்காத கோபமாகச் சுருக்கி, அந்த வாக்காளரையும் சேர்த்தே அவமதித்திருக்கிறார் கட்டுரையாளர்.

தோற்றபின் சௌந்தரம் காந்திகிராமத்துக்குத் திரும்பினார். அந்தக் கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதைப் பார்த்துவிட்டு 1984இல் இறந்தார். பத்மபூஷண் 1962இல், துணை அமைச்சரான அதே ஆண்டில் கிடைத்தது. 2005இல் அஞ்சல்தலை வந்தது. இவற்றை எல்லாம் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார், ஒரே பத்தியில், ஆண்டுகளோடு, பிழையில்லாமல். பாடநூல் குறிப்பு எழுதுவதில் அவருக்குக் கை இருக்கிறது. வாதம் என்று வரும்போதுதான் பேனா தடுமாறுகிறது.

மூன்றாவது மக்களவையின் விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தேதி தெரிந்தால் போதும், அன்றைக்கு யார் என்ன கேட்டார், கல்வித் துணை அமைச்சர் எழுந்து என்ன பதில் சொன்னார் என்று வரிக்கு வரி படிக்கலாம். அடுத்த கட்டுரையை அங்கே உட்கார்ந்துவிட்டு எழுதட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 1965 பிப்ரவரி மாதத் தொகுதியை முதலில் எடுக்கலாம்.